ஷாயி சாலை: மோனே வரைந்த ஒரு காட்டுப்பாதை

பாரிஸ் ஒர்சே மியூசியத்தில் ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. உயரம் சுமார் 43 சென்டிமீட்டர், அகலம் 59. ஒரு 27 இன்ச் மானிட்டரின் அகலம்தான், உயரம் மட்டும் நாலு இன்ச் கூடுதல். க்ளோட் மோனே 1865 வாக்கில் வரைந்தது. தலைப்பு, 'ஃபொந்தேன்ப்ளோ காட்டில் ஷாயி சாலை'. இதே சாலையை அவர் இன்னும் பெரிய கேன்வாஸிலும் வரைந்தார். அது இப்போது டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் உள்ள ஒர்ட்ரப்கார்ட் மியூசியத்தில் இருக்கிறது.

ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரிதாக எதுவுமில்லை. அகலமான ஒரு சாலை நம் காலடியில் தொடங்கி, தூரத்தில் ஒரு புள்ளிக்குள் போய் மறைகிறது. இரண்டு பக்கமும் மரங்கள். நடுவில் தலைகீழ் முக்கோணமாக வானம். புராணக் காட்சி இல்லை, போர் இல்லை, புனிதர் இல்லை. மோனேவுக்கு அப்போது வயது 25. அல்லிக்குளம், வைக்கோல் போர் எல்லாம் வெகு தூரத்தில் இருக்கிறது. "இம்ப்ரெஷனிசம்" என்ற பெயரே பிறக்க இன்னும் ஒன்பது வருடம் பாக்கி.

கலை வரலாற்றுப் புத்தகங்கள் இதை "பின்னால் வரப்போகிற மோனேவுக்கு முன்னோட்டம்" என்று ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு ஆர்வம் மோனேயில் இல்லை, அந்தச் சாலையில். இந்த ஓவியத்தைப் பார்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் "ஆஹா, இயற்கை!" என்பார்கள். ஆனால் இதில் தெரிகிற ஒவ்வொரு பொருளும், சாலையின் அகலம், காலுக்குக் கீழே உள்ள கல், மரங்களின் வடிவம், மரங்கள் இன்னும் நிற்பது, எல்லாமே யாரோ எடுத்த முடிவுகள். பல முடிவுகளுக்குப் பின்னால் நல்ல சண்டையும் உண்டு.

முதலில் சாலை. பிரெஞ்சில் இதன் பெயர் 'பாவே தெ ஷாயி'. 'பாவே' என்றால் கல் பாவிய சாலை. நாமும் "கல் பாவுதல்" என்றுதான் சொல்கிறோம். சொல்லாராய்ச்சி நண்பர்கள் உடனே கிளம்பிவிட வேண்டாம், அது லத்தீனில் "அடித்துக் கெட்டிப்படுத்து" என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. வெறும் ஒலி ஒற்றுமை. ஷாயி என்பது காட்டின் மேற்கு விளிம்பில் உள்ள கிராமம், முழுப்பெயர் ஷாயி-ஆன்-பியேர். பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து தெற்கே போகிற அரச பாதை இந்தக் கிராமம் வழியாகத்தான் காட்டுக்குள் நுழைந்து ஃபொந்தேன்ப்ளோ அரண்மனை ஊருக்குப் போனது. பிற்காலத்தில் பிரான்ஸின் புகழ்பெற்ற ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை ஆனதும் இதே வழிதான். அதாவது மோனே வரைந்தது ஒதுக்குப்புறமான ஒற்றையடிப்பாதை அல்ல, அந்த நாட்டின் முக்கியமான ஹைவேக்களில் ஒன்று.

சாலை ஏன் இவ்வளவு அகலம்? இதற்கும் ஒரு சட்டம் உண்டு. 1669ல், பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் காலத்தில், நீர்நிலைகளுக்கும் காடுகளுக்கும் ஒரு பெரிய சட்டம் வந்தது. காட்டுக்குள் ஓடும் அரச நெடுஞ்சாலை குறைந்தது 72 அடி அகலம் இருக்க வேண்டும் என்றது அது. இன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 23 மீட்டர். சாலையை ஒட்டிய முள், புதர் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்றும் சொன்னது. காரணம், வழிப்பறி. புதருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவன் கோச்சு வண்டிமேல் பாயக்கூடாது. மோனேவின் ஓவியத்தில் நாம் ரசிக்கிற அந்த அகலமான வான முக்கோணம் இருக்கிறதே, அப்படி ஒரு காட்சி காட்டுக்குள் கிடைப்பதற்குத் திருடர் பயம் ஒரு முக்கியக் காரணம்.

காட்டின் மற்ற சாலைகள் வேட்டைக்காக. ஃபொந்தேன்ப்ளோ பல நூற்றாண்டுகள் அரசர்களின் வேட்டைக்காடு. குதிரைமேல் நாய்களோடு மானைத் துரத்துகிற வேட்டைக்கு நேர்கோட்டுப் பாதைகளும், பல பாதைகள் நட்சத்திரம் மாதிரி வந்து கூடுகிற சந்திப்புகளும் வேண்டும். மான் எந்தப் பாதையைக் கடக்கிறது என்று சந்திப்பில் நின்றால் தெரிந்துவிடும். நான்காம் ஹென்றி காலத்தில் போட்ட 'வட்டச் சாலை' இன்றும் அதே பெயரில் இருக்கிறது. சாட்டிலைட் மேப்பில் ஃபொந்தேன்ப்ளோவைப் போட்டுப் பாருங்கள். காடு மாதிரியா தெரிகிறது? யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட சர்க்யூட் போர்டு மாதிரி இருக்கும்.

அடுத்து கல். இந்தக் காட்டின் அடியில் வெள்ளை மணல், மேலே பெரிய பெரிய மணற்பாறைகள். இன்று உலகம் முழுவதிலிருந்தும் பாறை ஏறுகிறவர்கள் வந்து தொங்குவது இதே பாறைகளில்தான். அன்று அவற்றை உடைத்துச் சதுரமாகச் செதுக்கி வண்டியிலும் படகிலும் ஏற்றிப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். பாரிஸ் தெருக்களில் பாவிய கல்லில் பெரும்பங்கு ஃபொந்தேன்ப்ளோ வட்டாரத்து மணற்கல். 1830லும் 1848லும் புரட்சிக்காரர்கள் தெருவைப் பெயர்த்துத் தடுப்பரண் கட்டினார்களே, அந்தக் கற்களில் எத்தனையோ இந்த மண்ணிலிருந்து போனவை. காட்டுக்குள் பல இடங்களில் கல்லுளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல்வெட்டுத் தொழிலாளிகளுக்குக் கூலி குறைவு, மணற்கல் தூசி நுரையீரலில் படிந்து சீக்கிரம் சாகிறவர்கள் அதிகம். ஓவியர்களின் காட்சிகளில் இவர்கள் அபூர்வமாகத்தான் வருகிறார்கள்.

ஓவியர்களே இந்தக் காட்டுக்கு வந்தது எப்படி? அப்போதைய பிரெஞ்சு அகாடமியின் தரவரிசையில் வரலாற்று ஓவியம் உச்சி, நிலக்காட்சி கிட்டத்தட்ட அடிமட்டம். 1817ல் நிலக்காட்சிக்கும் ரோம் பரிசு வைத்தார்கள், ஆனால் "வரலாற்று நிலக்காட்சி" என்ற பெயரில். மரம் வரையலாம், கீழே ஒரு கிரேக்க தேவதையோ பைபிள் பாத்திரமோ நின்றாக வேண்டும். கோரோ 1830களின் தொடக்கத்தில் ஃபொந்தேன்ப்ளோ காட்டைப் பெரிய கேன்வாஸில் வரைந்தபோது, முன்னால் ஒரு பெண் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பதாக வைத்தார். மக்தலேனா மரியாள் என்று எடுத்துக்கொள்ளலாம். காட்டுக்கு ஒரு நுழைவுச்சீட்டு மாதிரி அந்தப் பெண். அது இப்போது வாஷிங்டன் தேசிய கேலரியில் இருக்கிறது.

காட்டின் ஓரத்தில் ஷாயியைச் சேர்ந்த ஒரு குட்டிக் குக்கிராமம், பார்பிசோன். அங்கே கான் தம்பதியர் நடத்திய சத்திரத்தில் ஓவியர்கள் தங்க ஆரம்பித்தார்கள். கட்டணம் குறைவு, காடு வாசலில். 1841ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் பெயிண்ட் அடைக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டிக் குத்திக் குத்திப் பிழிய வேண்டும். காட்டுக்குள் கொண்டுபோய் வேலை செய்வது பெரும்பாடு. 1849ல் ஃபொந்தேன்ப்ளோவுக்கு ரயில் வந்துவிட்டது. ஒரு டெக்னாலஜி மாறினால் கலை மாறும் என்பதற்கு என்னைப் போன்ற ஆட்கள் எடுக்கிற வழக்கமான உதாரணம் இந்த டியூப்தான். ஆனால் டியூபும் ரயிலும் மட்டும் இருந்தால் போதாது, போய் வரைய அங்கே மரம் மிஞ்சியிருக்க வேண்டும் இல்லையா? மரம் மிஞ்சியதற்கு வேறொருவர் காரணம்.

தியோடோர் ரூஸோ. தத்துவஞானி ரூஸோ இல்லை, இவர் ஓவியர், 1812ல் பிறந்தவர். பாரிஸின் அரசுக் கண்காட்சியான ஸலோன் 1836லிருந்து வரிசையாக இவரை நிராகரித்தது. "மகா நிராகரிக்கப்பட்டவர்" என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. மனிதர் பார்பிசோனிலேயே குடியேறினார். மரங்களை அவர் வரைகிற விதம் ஆள் முகம் வரைகிற விதம். ஒவ்வொரு ஓக் மரத்துக்கும் தனிக் குணம் இருக்கும்.

1820கள், 30களில் காட்டு நிர்வாகம் முழுவேகத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1824ல் நான்சி நகரத்தில் வனவியல் கல்லூரி தொடங்கியது. 1827ல் புதிய வனச் சட்டம். காடு என்பது ஒரு கணக்கு, வருடத்துக்கு இவ்வளவு வளர்ச்சி, இவ்வளவு வெட்டு, கிழமரம் நஷ்டம் என்கிற பார்வை. ஃபொந்தேன்ப்ளோவில் பழைய ஓக்குகளை வெட்டினார்கள். காலியான மணல் நிலத்தில் பல ஆயிரம் ஹெக்டேருக்கு ஸ்காட்ஸ் பைன் நட்டார்கள். பைன் சீக்கிரம் வளரும், எந்த மண்ணிலும் பிழைக்கும், காசு தரும். ஓவியர்களுக்கு அது அந்நியம். பச்சைச் சிப்பாய் வரிசை. இரவில் போய் பைன் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டார்கள் என்று பார்பிசோன் கதைகள் சொல்லும். நீலகிரியில் புல்வெளியைத் தைல மரமும் சீகை மரமும் விழுங்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும்.

சும்மா ஒப்பிடவில்லை, நேரடித் தொடர்பே உண்டு. இந்திய வனத்துறைக்கு ஆள் எடுத்த பிரிட்டிஷ் அரசு, 1860களின் பிற்பகுதியிலிருந்து சுமார் இருபது வருடம், தன் பயிற்சி அதிகாரிகளில் பலரை அனுப்பியது அதே நான்சி கல்லூரிக்குத்தான். இங்கிலாந்தில் அப்போது வனவியல் சொல்லிக்கொடுக்க இடமே இல்லை. நான்சி பேராசிரியர் பாக்னெரி எழுதிய பாடப்புத்தகத்தை 1882ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் இந்திய வனத்துறை அதிகாரிகள் இருவர். அதே 1882ல்தான் மதராஸ் வனச் சட்டமும் வந்தது. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் அனுமதி வேண்டும் என்கிற ஏற்பாடு ஷாயி ஊர்க்காரருக்கும் நம் ஊர்க்காரருக்கும் சில தசாப்த இடைவெளியில் வந்து சேர்ந்த ஒரே அலை. பிரான்ஸில் 1827 சட்டத்துக்கு எதிராக, தெற்கே ஆரியேஜ் மலைப்பகுதியில் விவசாயிகள் பெண் வேஷம் போட்டுக்கொண்டு வனக்காவலர்களை விரட்டினார்கள். 'கன்னிப்பெண்களின் போர்' என்று அதற்குப் பெயர். தனிப்பதிவாகவே எழுதலாம்.

ரூஸோ பெயர் சூட்டுவதில் கெட்டிக்காரர். 1847ல், காட்டில் மரங்களைக் கயிறு கட்டிச் சாய்க்கிற காட்சியை வரைந்து 'மாசற்ற குழந்தைகளின் படுகொலை' என்று பெயர் வைத்தார். ஏரோது மன்னன் பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற பைபிள் கதைக்கு ஐரோப்பிய ஓவியத்தில் வழக்கமாக உள்ள தலைப்பு அது. அதாவது மரங்கள்தான் குழந்தைகள், வெட்டுகிறவர்கள் ஏரோதின் சிப்பாய்கள். அகாடமி "வரலாறு இல்லாமல் நிலக்காட்சி வரையாதே" என்றது. இவர் மரத்தையே வரலாற்றுப் பாத்திரமாக்கிவிட்டார். ஓவியம் முடிக்கப்படாமலே நின்றது, இப்போது ஹேக் நகரில் மெஸ்டாக் சேகரிப்பில் இருக்கிறது.

1848 புரட்சியில் அரசு மாறியதும் ரூஸோவின் நிலையும் மாறியது. நிராகரித்த அரசே பெரிய ஓவியத்துக்கு ஆர்டர் கொடுத்தது. இப்போது லூவரில் உள்ள 'ஃபொந்தேன்ப்ளோ காட்டு விளிம்பு, அஸ்தமனம்' அப்படி வந்தது. செல்வாக்கு வந்ததும் அவர் செய்த வேலை, 1852ல் அரசுக்கு ஒரு மனு. ஓவியர்கள் மாதிரியாக வைத்து வரைகிற பழைய மரத்தோப்புகளை வெட்டாமல் விடுங்கள் என்று. 1853ல் 624 ஹெக்டேர் வெட்டிலிருந்து விலக்கப்பட்டது. 1861ல் மூன்றாம் நெப்போலியனின் ஆணை அதை 1,097 ஹெக்டேர் ஆக்கியது. அதற்கு அதிகாரப்பூர்வமாக வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'கலைத் தொகுதி'. வனக் கணக்கேட்டில் ஒரு பகுதி கட்டுமான மரத்துக்கு, ஒரு பகுதி விறகுக்கு என்று பிரிப்பார்களே, அதே பட்டியலில் ஒரு பகுதி படம் வரைவதற்கு!

"உலகின் முதல் இயற்கைக் காப்பகம்" என்று இதைப் பற்றிப் பல இடங்களில் படிப்பீர்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872ல்தான் வந்தது, உண்மை. ஆனால் 1836லேயே பிரஷ்ய அரசு ரைன் நதிக்கரையில் டிராக்கன்ஃபெல்ஸ் குன்றைக் கல்குவாரியிலிருந்து காப்பாற்ற விலைக்கே வாங்கியது. 'முதல்' பட்டம் எதை இயற்கைக் காப்பகம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. எனக்குப் பட்டத்தைவிட முக்கியமாகப் படுவது காரணம். இங்கே ஒரு காட்டைக் காப்பாற்றிய காரணம் பறவையோ பூச்சியோ மழையோ அல்ல, பார்வை. பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் இருக்கட்டும். சட்டப்படி இப்படி ஒரு வாதம் ஜெயித்தது பெரிய விஷயம்தான். அதற்கு ஒரு விலையும் இருந்தது.

விலையைக் காட்டுகிறவர் ரூஸோவின் பக்கத்து வீட்டுக்காரர். ழான்-ஃபிரான்ஸ்வா மியே 1849ல் குடும்பத்தோடு பார்பிசோனுக்கு வந்தார். நார்மண்டி விவசாயி மகன். இருவரும் நெருங்கிய நண்பர்கள். 1855ல் மியே பணமில்லாமல் தவித்தபோது, யாரோ ஒரு அமெரிக்கர் வாங்குகிறார் என்று பொய் சொல்லி, 4,000 ஃபிராங்குக்கு மியேவின் ஓவியம் ஒன்றை ரூஸோவே வாங்கிய கதை பிரசித்தம். அப்படிப்பட்ட நட்பு. ஆனால் ஒரே காட்டுக்குள் இருவர் கண்ணும் வேறு வேறு இடத்தில் நின்றன.

1858 வாக்கில் மியே வரைந்த ஒரு ஓவியம் இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் மியூசியத்தில் இருக்கிறது. காட்டிலிருந்து பெண்கள் விறகுக்கட்டு சுமந்து வருகிறார்கள். முதுகு வளைந்து, தங்களைவிடப் பெரிய சுமைக்குக் கீழே முகமே சரியாகத் தெரியாமல். 1859ல் 'மரணமும் விறகுவெட்டியும்' வரைந்தார். லா ஃபோந்தேன் நீதிக்கதை ஒன்றிலிருந்து எடுத்த விஷயம். களைத்துப்போன கிழவன் விறகுக்கட்டோடு வழியோரம் விழுந்து கிடக்கிறான், வெள்ளைத் துணி போர்த்திய மரணம் அரிவாளோடு வந்து அவன் தோளைப் பிடிக்கிறது. அந்த வருட ஸலோன் இதை நிராகரித்தது. இதுவும் கோபன்ஹேகனில்தான், கிளிப்டோடெக் மியூசியத்தில். ஒரே நாளில் மோனேவின் வெறும் சாலையையும் மியேவின் கிழவனையும் பார்த்துவிடலாம்.

ரூஸோவின் ஓவியத்தில் மரம் வெட்டுகிறவன் கொலைகாரன். மியேவின் ஓவியத்தில் விறகு பொறுக்குகிறவன் சாகிறவன். இரண்டு பேரும் ஒரே ஆள் இல்லை என்பது சரிதான். முதல்வன் அரசுக் கணக்குப்படி பெருமரம் சாய்க்கிற கூலி. இரண்டாமவன் அடுப்பெரிக்கச் சுள்ளி தேடுகிற ஏழை. ஆனால் காட்டுக்கு வெளியே நின்று பார்க்கிற நகரத்து ஆளுக்கு இருவரும் ஒரே மாதிரி "காட்டை அழிக்கிறவர்கள்" ஆகத் தெரிவதுண்டு. 'கலைத் தொகுதி' ஆணை வெளியானபோது ஓவியர்களைக் கேட்டார்கள். சுள்ளி பொறுக்குகிற கிழவி யாரும் மனு எழுதியதாக வரலாற்றில் இல்லை. ரூஸோவின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எதிர்த்து நின்றது விறகுக்காரியை அல்ல, மர வியாபாரக் கணக்கை. இன்றும் அந்த மனு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் அவர் பக்கம்தான் நிற்பேன். ஆனாலும் "யாருக்காகக் காப்பாற்றுகிறோம்" என்ற கேள்விக்கு முதல் பதில் "பார்க்க வருகிறவர்களுக்கு" என்று பதிவானது இங்கேதான்.

பார்க்க வருகிறவர்கள் என்று சொன்னதும் தெனெகூரைச் சொல்லாமல் விட முடியாது. க்ளோட்-ஃபிரான்ஸ்வா தெனெகூர் (1788–1875), நெப்போலியன் படையில் காயம்பட்ட பழைய சிப்பாய். அரசியல் காரணமாகப் படைமுகாம் காவலர் வேலை போனதும் காட்டைத் தஞ்சம் அடைந்தார். 1842லிருந்து, பெரும்பாலும் சொந்தச் செலவில், நடைபாதைகள் போட ஆரம்பித்தார். மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். மரத்திலும் பாறையிலும் நீல அம்புக்குறி. கையில் கொண்டுபோக வழிகாட்டிப் புத்தகம். நல்ல மரங்களுக்கும் பாறைகளுக்கும் கவிஞர், ராஜா, புராண வீரர் என்று பெயர்கள். இன்று ட்ரெக்கிங் போகிறவர்கள் பின்பற்றுகிற வண்ணக்குறி போட்ட பாதைகளுக்கு இவர் ஒரு மூதாதை. ரயில் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் கூட்டம் இவர் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு காட்டைச் சுற்றியது. ஓவியர்கள் பலருக்கு இவரைக் கண்டால் ஆகாது. தங்கள் ரகசியக் காட்டை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கிவிட்டாரே! ஆனால் அந்தக் காட்டுக்கு மக்கள் ஆதரவு சேர்த்ததில் ரூஸோவுக்கு நிகராக இவருக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. 1855ல் இவரைக் கௌரவித்து வந்த தொகுப்பில் யூகோ, ஜார்ஜ் சாண்ட், கோத்தியே எல்லாரும் எழுதினார்கள். போத்லேரும் எழுதினார், ஆனால் செடிகொடியைக் கண்டு உருகுவது தனக்கு வராது என்று ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். நகரத்துக் கவிஞர்!

மோனே வந்தபோது இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. 1863 ஈஸ்டர் விடுமுறையில் நண்பர் பாஸீலோடு முதலில் வந்தார். 1865ல் ஷாயியில் சத்திரத்தில் நீண்ட நாள் தங்கினார். 'புல்வெளியில் மதிய உணவு' என்று நாலு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு ராட்சத ஓவியம் திட்டம். நடுவில் காலில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தார். பாஸீல் மருத்துவம் படித்தவர், படுக்கைக்கு மேலே தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொங்கவிட்டுக் காயத்தில் சொட்டச் செய்து, அதையும் ஒரு ஓவியமாக வரைந்துவிட்டார். அதுவும் ஒர்சேயில் இருக்கிறது. ராட்சத ஓவியம் முடியவே இல்லை. 1878ல் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரரிடம் விட்டு, 1884ல் மீட்டபோது பூஞ்சணம் பிடித்திருந்தது, வெட்டித் துண்டாக்கினார். பாஸீல் 1870 நவம்பரில் பிரஷ்யப் போரில் இறந்தார். போன் லா ரோலாந்த், இந்தக் காட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். வயது 28.

சாலை ஓவியம் மட்டும் முடிந்தது. மோனேவுக்கு முன்பே இந்தச் சாலையை ஒருவர் பிடித்திருக்கிறார். புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் ஷாயி சாலையைப் படம் எடுத்தார். லெ கிரேயின் படங்களையும் மோனேவின் ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே அகலம், அதே மரச்சுவர், தூரத்தில் மறைகிற அதே தரை. மோனே லெ கிரேயைப் பார்த்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் யார் நின்றாலும் சாலையே அப்படி ஒரு ஃபிரேமைக் கையில் கொடுத்துவிடும். கொல்பேரின் 72 அடி செய்த வேலை.

ஆனால் மோனேவுக்கு ரூஸோவின் கோபமும் இல்லை, மியேவின் துக்கமும் இல்லை. மரம் காப்பாற்றப்பட்டாயிற்று, தங்கச் சத்திரம் உண்டு, பெயிண்ட் டியூபில் வரும், பாரிஸுக்கு ரயில் உண்டு. அவருக்குச் சாலைமேல் விழுகிற வெளிச்சமும் நிழலும் போதும். ஒரு ஆளாவது விறகு சுமந்து வருகிறானா என்று அவர் தேட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. கோரோவுக்கு 30 வருடம் முன்பு ஒரு மக்தலேனா தேவைப்பட்டாள். மோனேவுக்கு யாரும் தேவைப்படவில்லை. அந்த விடுதலை நவீன ஓவியத்துக்குப் பெரிய லாபம், சந்தேகமே இல்லை. அதே சமயம், "இயற்கை" என்றாலே ஆளில்லாத இடம் என்று நாம் நினைக்கப் பழகியதற்கும் இப்படிப்பட்ட ஓவியங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த விஷயத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அந்த ஓக் மரங்கள். அதே 1865ல் மோனே 'போட்மர் ஓக்' என்ற பெயர்பெற்ற மரத்தை வரைந்தார் (நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ளது). நாலாபக்கமும் கிளை விரித்த கிழமரம். ஓக் அப்படி விரிய வேண்டுமானால் இளமையில் நிறைய வெளிச்சம் வேண்டும், சுற்றி மரம் நெருக்கக் கூடாது. அப்படித் திறந்த காடு எப்படி வந்தது? நூற்றாண்டுக் கணக்கில் ஊர்க்காரர்கள் மாடும் பன்றியும் மேய்த்ததால், ராஜாவின் மான்கள் கன்றுகளைத் தின்றதால். ஓவியர்கள் ஆதிகாலக் காடு என்று எண்ணி மயங்கியது மேய்ச்சல்காடு. மாட்டையும் கோடாரியையும் வெளியே நிறுத்தி, "இப்படியே இருக்கட்டும்" என்று விட்டதும் காடு இப்படியே இருக்கவில்லை. நிழலிலேயே முளைத்து வளரக்கூடிய பீச் மரம் மெதுவாக மேலே ஏறியது. வெளிச்சம் இல்லாமல் ஓக் கன்றுகள் நின்றுவிட்டன. 'கலைத் தொகுதி'யில் இருந்த லா தியே போன்ற தோப்புகள் 1953லிருந்து கை வைக்காத உயிரியல் காப்பகங்கள். அங்கே இன்று ஆட்சி பீச்சுக்குத்தான். ரூஸோ காலத்து ஓக்குகளில் மிஞ்சியவை ஒவ்வொன்றாகச் சாய்கின்றன, சாய்ந்த இடத்தில் எடுத்து அகற்றாமல் விட்டுவிடுகிறார்கள். மரம் அரிக்கும் வண்டுகளும் காளான்களும் அதில் குடியேற, அவற்றைத் தேடி இப்போது ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள்.